ஜமீன் வாரிசுரிமை வழக்குகள்

ஜமீன் வாரிசுரிமை வழக்குகள் என்பவை, பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் சென்னை மாகாணத்து ஜமீன் குடும்பங்களில் சொத்தும் பட்டமும் யாருக்குச் சேரும் என்பது குறித்து எழுந்த வழக்குகள் ஆகும். 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இவை தொடர்ந்து நடைபெற்றன. சிவகங்கை, இராமநாதபுரம், சிவகிரி ஆகிய ஜமீன்களின் வழக்குகள் இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை சென்று, இந்தியா முழுவதற்குமான இந்துச் சொத்துரிமைச் சட்டத்தின் அடிப்படைத் தீர்ப்புகளாக நிலைபெற்றன. தமிழில் தோன்றிய துப்பறியும் புதினங்களும் மர்மப் புதினங்களும் அடிக்கடி கையாளும் பெருங்குடும்பம், மறைக்கப்பட்ட பிறப்பு, ஐயத்திற்குரிய உயில், திடீரெனத் தோன்றும் வாரிசு ஆகிய கதைக்கூறுகள் இவ்வழக்குகளில் உண்மை நிகழ்ச்சிகளாகவே காணப்படுகின்றன.

பின்னணி

நாயக்கர் காலத்திலிருந்து பாளையங்களாக இருந்த நிலப்பகுதிகள், பாளையக்காரர் போர்கள் 1801 இல் முடிவுற்ற பின்னர் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியால் ஜமீன்களாக மாற்றப்பட்டன. 1802 ஆம் ஆண்டின் 25 ஆம் ஒழுங்குவிதியின்படி நிலையான நிலவரித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பேஷ்குஷ் எனப்பட்ட மாறாத தொகையை ஆண்டுதோறும் அரசுக்குச் செலுத்த ஒப்புக்கொண்டவர்களுக்குச் சன்னது வழங்கப்பட்டது. படை வைத்துக்கொள்ளும் உரிமையையும் காவல் உரிமையையும் இழந்த பாளையக்காரர்கள் இவ்வாறு நிலவரி வாங்கும் ஜமீன்தார்கள் ஆயினர்.

இன்றைய தென்காசி மாவட்டத்தில் உள்ள சங்கரன்கோவில், அக்காலத்தில் சங்கரநயினார்கோவில் எனப் பெயர் பெற்றுத் திருநெல்வேலி மாவட்டத்தின் ஒரு வட்டத் தலைநகராக விளங்கியது. இவ்வூரைச் சுற்றிலும் சிவகிரி, தலைவன்கோட்டை, ஊத்துமலை, சொக்கம்பட்டி போன்ற பாளையங்கள் நெருக்கமாக அமைந்திருந்தன. கம்பெனியை எதிர்த்து நின்ற நெற்கட்டும்செவல் பூலித்தேவர், சிறைப்பிடித்துச் செல்லப்பட்டபோது சங்கரநாராயணர் கோவிலில் வழிபட அனுமதி கேட்டு உள்ளே சென்று அங்கேயே மறைந்தார் என்பது இப்பகுதியில் வழங்கும் செவிவழிச் செய்தியாகும். வாளால் தீர்க்கப்பட்டு வந்த பாளையங்களின் சிக்கல்கள், அடுத்த தலைமுறையில் முத்திரைத்தாளிலும் நீதிமன்றப் படிகளிலும் தீர்க்கப்படலாயின.

பிரிக்கவியலாத உடைமை

இவ்வழக்குகளைப் புரிந்துகொள்ள இரண்டு செய்திகளை அறிந்திருத்தல் வேண்டும். முதலாவது, பெரும்பாலான பழைய பாளையங்கள் பிரிக்கவியலாத உடைமைகளாகக் கருதப்பட்டன. சாதாரணக் குடும்பத்தில் தந்தையின் சொத்து எல்லா மகன்களுக்கும் சமமாகப் பங்கிடப்படும். பாளையமோ சிறிய அரசு போன்றது. அதனைத் துண்டாக்க இயலாது. எனவே ஒருவர் மட்டுமே பட்டத்திற்கு வருவார். ஏனையோருக்குச் சீவனாம்சம் மட்டுமே கிட்டும். பங்கு கிடைக்கும் குடும்பத்தில் அண்ணன் தம்பிகளுக்கிடையே ஏற்படும் மனக்கசப்பு ஒரு வேலியோடு நின்றுவிடக்கூடும். எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்ற நிலையில் அது பல தலைமுறைக்கு நீடித்தது.

இரண்டாவது, தென்னாட்டில் விஞ்ஞானேசுவரரின் மிதாட்சரம் சொத்துரிமைக்கு அடிப்படை நூலாக ஏற்கப்பட்டிருந்தது. இதன்படி பாகம் பிரியாத கூட்டுக் குடும்பத்தின் சொத்து, மகன் இல்லாமல் ஒருவர் இறந்தால், அவருடைய சகோதரர் வழியினரான பங்காளிகளுக்குச் செல்லும். மனைவிக்கும் மகளுக்கும் பராமரிப்பு மட்டுமே உண்டு. ஆனால் அச்சொத்து அவர் தாமே ஈட்டிய சுயார்ஜிதமாகவோ, பாகம் பிரித்துக்கொண்ட தனிச் சொத்தாகவோ இருந்தால் முதலில் மனைவிக்கும், பின்னர் மகளுக்கும், அதன் பின்னர் மகள் வயிற்றுப் பேரனுக்கும் செல்லும். மனைவியும் மகளும் அதனைத் தம் வாழ்நாள் வரை ஆண்டு அனுபவிக்கலாமே தவிர, விருப்பம்போல் விற்கவோ கொடுக்கவோ முடியாது. அவர்கள் இறந்ததும், சொத்தைக் கடைசியாக முழு உரிமையுடன் வைத்திருந்த ஆணுக்கு அப்போது யார் வாரிசோ அவருக்கு அது போய்ச் சேரும்.

ஆகவே ஆண் வாரிசு இல்லாத ஜமீன்தார் ஒருவர் கண்மூடியதும் எழும் கேள்விகள் ஏறத்தாழ ஒரே வகையினவாக இருந்தன. அண்ணன் தம்பி பாகம் பிரிந்தவர்களா இல்லையா? சொத்து முன்னோருடையதா, தாமே பெற்றதா? இறந்தவர் சுவீகாரம் எடுக்க மனைவிக்கு அனுமதி கொடுத்தாரா? பிறந்த குழந்தை உண்மையில் அவருடையதுதானா? தந்தை இறக்கும்போது கருவில் இருந்த ஆண் குழந்தைக்கும் வாரிசுரிமை உண்டு என்பதால், விதவையின் கர்ப்பம் என்பது அரண்மனையில் எல்லோரும் கண்காணிக்கும் செய்தியாக இருந்தது. இக்கேள்விகளில் ஒன்றுக்கும் பெரும்பாலும் எழுத்துச் சான்று இருப்பதில்லை. அந்தப்புரத்துப் பணிப்பெண்களும் கணக்கர்களும் புரோகிதர்களும் சொல்லும் சாட்சியமே நீதிபதிகளின் முன் இருந்தது.

சிவகங்கை வழக்கு

இவ்வழக்குகளுள் மிகவும் புகழ்பெற்றது சிவகங்கை வழக்காகும். இராமநாதபுரம் சேதுநாட்டிலிருந்து ஏறத்தாழ 1730 இல் பிரிந்து உருவான சிவகங்கைச் சீமை, வேலு நாச்சியார், மருது சகோதரர்கள் ஆகியோரின் காலத்தில் கம்பெனியுடன் மோதியது. 1801 இல் மருது சகோதரர்களைத் தனிமைப்படுத்த எண்ணிய கம்பெனி, படமாத்தூரைச் சேர்ந்த கௌரி வல்லபத் தேவரைச் சீமையின் உரிமையாளராக அறிவித்தது. அவ்வாண்டு அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். கௌரி வல்லபருக்குப் பின்னர் சன்னதும் வழங்கப்பட்டது. இந்த நியமனத்தின் தன்மையே அறுபது ஆண்டுகள் கழித்து வழக்கின் முடிவைத் தீர்மானித்தது.

கௌரி வல்லபருக்கு ஓயாத் தேவர் என்ற அண்ணன் இருந்தார். அவர் தம்பிக்கு முன்பே இறந்துவிட்டார். 1829 இல் கௌரி வல்லபர் இறந்தபோது அவருக்கு ஆண் மக்கள் இல்லை. அவர் மணந்த மனைவியர் எழுவருள் மூவர் அப்போது உயிருடன் இருந்தனர். பெண் மக்களும் இருந்தனர். ஓயாத் தேவரின் மூத்த மகனான முத்து வடுகநாதத் தேவர், பாகம் பிரியாத குடும்பத்தின் அடுத்த ஆண் வாரிசு தாமே எனக் கூறி ஜமீனைத் தம் வசப்படுத்திக்கொண்டார். அவர் இரண்டு ஆண்டுகளில் இறந்துபோக, அவருடைய மகன் போதகுருசாமித் தேவர் பட்டத்திற்கு வந்தார்.

கௌரி வல்லபரின் மூத்த விதவையான அங்கமுத்து நாச்சியார் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். சகோதரர்கள் பாகம் பிரிந்தவர்கள், ஆகவே கணவரின் சொத்து தமக்கே உரியது என்பது அவருடைய வாதம். வழக்கு பல நீதிமன்றங்களைக் கண்டது. 1847 இல் மதுரையில் அவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே 1850 இல் அங்கமுத்து நாச்சியார் காலமானார். எதிர்த்தரப்பினர் வழக்கு அத்துடன் முடிந்தது என்று கருதியிருக்கலாம். ஆனால் கௌரி வல்லபரின் மகளான கட்டம நாச்சியார் அதனை மேற்கொண்டு நடத்தினார். சென்னையில் இருந்த சதர் அதாலத் நீதிமன்றத்திலும் அவருக்குத் தோல்வியே கிட்டியது. பின்னர் அவர் இலண்டனுக்கு மேல்முறையீடு செய்தார்.

பிரிவி கவுன்சிலின் நீதிக்குழு 1863 இல் வழங்கிய தீர்ப்பு எதிர்பாராத வகையில் அமைந்தது. அத்தனை ஆண்டுகளும் இரு தரப்பினரும் சகோதரர்கள் பாகம் பிரிந்தனரா இல்லையா என்பதிலேயே வாதிட்டுக்கொண்டிருந்தனர். நீதிக்குழுவோ, குடும்பம் பிரியாமல் இருந்தது என்றே வைத்துக்கொண்டாலும் அதனால் வழக்கு முடிந்துவிடாது என்று கூறியது. சிவகங்கை ஜமீன் முன்னோரிடமிருந்து வந்த சொத்து அன்று. 1801 இல் அரசு கௌரி வல்லபருக்கு நேரடியாக அளித்தது. எனவே அது அவருடைய சுயார்ஜிதம். கூட்டுக் குடும்பத்தில் வாழும் ஒருவருக்குத் தனிச் சொத்தும் இருக்கலாம். அத்தனிச் சொத்து பங்காளிகளுக்குச் செல்லாமல் மனைவிக்கும் மகளுக்கும் செல்லும். இதன்படி ஜமீன் கட்டம நாச்சியாருக்கு உரியது என முடிவாயிற்று. தந்தை இறந்து முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் மகள் வென்றார். மருது சகோதரர்களை வீழ்த்துவதற்காகக் கம்பெனி செய்த ஓர் அரசியல் ஏற்பாடு, ஒரு பெண்ணின் சொத்துரிமைக்கு ஆதாரமானது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று எனலாம்.

இத்தீர்ப்பில் மற்றொரு விதியும் இடம்பெற்றது. விதவை தம் கணவரின் சொத்தை முழுமையாகப் பிரதிநிதித்துவம் செய்கிறார். அவர் நேர்மையாக நடத்திய வழக்கில் வரும் தீர்ப்பு, அவருக்குப் பின் வரும் வாரிசுகளையும் கட்டுப்படுத்தும் என்பதே அது. வாழ்நாள் உரிமை மட்டுமே உடையவர் என்று பெண்ணைச் சட்டம் சிறுமைப்படுத்தியிருந்த காலத்தில், நீதிமன்றத்தின் முன் அவர் முழு உரிமையாளராக நிற்கலாம் என்பதை இது உறுதிசெய்தது. இந்திய நீதிமன்றங்களில் சிவகங்கை வழக்கு என்று சொன்னாலே இவ்விதியைக் குறிக்கும் அளவுக்கு இது பலமுறை எடுத்தாளப்பட்டுள்ளது.

கட்டம நாச்சியார் 1877 இல் இறந்தார். அதன் பின்னர் கௌரி வல்லபரின் மகள்வழிப் பேரர்களுக்கிடையே மீண்டும் வழக்கு மூண்டு, 1881 இல் பிரிவி கவுன்சிலில் முடிவடைந்தது.

இராமநாதபுரம் சுவீகார வழக்கு

சிவகங்கை வழக்கில் எதிர்த்தரப்பினர் பங்காளிகள். இராமநாதபுரம் வழக்கில் எதிர்த்து நின்றது அரசாங்கமே. இராமநாதபுரம் ஜமீன்தார் இராமசாமி சேதுபதி 1830 இல் ஆண் வாரிசின்றி இறந்தார். அவருடைய பெண் மக்களும் பின்னர் இறந்துவிட, விதவையான இராணி பர்வதவர்த்தனி நாச்சியார் 1847 இல் முத்துராமலிங்கம் என்ற சிறுவனைச் சுவீகாரம் எடுத்தார். கணவர் உயிருடன் இருந்தபோது சுவீகாரத்திற்கு அனுமதி அளித்தார் என்பதற்குச் சான்று இல்லை. ஆயினும் உறவினர்கள் இசைவளித்திருந்தனர். கணவரின் அனுமதி இன்றி விதவை சுவீகாரம் எடுக்க இயலாது என்று கூறி மாவட்ட ஆட்சியர் இதனை ஏற்க மறுத்தார். சுவீகாரம் செல்லாது எனில், இராணிக்குப் பின் வாரிசு இல்லை எனக் கூறி இராமநாதபுரத்தை அரசு எடுத்துக்கொள்ள வழி பிறக்கும். டல்ஹௌசி வட இந்தியாவில் சுதேச அரசுகளை வாரிசு இல்லை எனக் காரணம் காட்டி இணைத்துக்கொண்ட காலமும் இதுவே ஆகும். ஜமீன், சுதேச அரசு அன்று. எனினும் இரண்டிலும் அரசின் நோக்கம் ஒன்றாகவே இருந்தது.

மதுரை ஆட்சியருக்கும் முத்துராமலிங்க சேதுபதிக்கும் இடையிலான இவ்வழக்கில் பிரிவி கவுன்சில் 1868 இல் தீர்ப்பளித்தது. வங்காளத்தில் கணவரின் அனுமதி கட்டாயம். ஆனால் தென்னாட்டு வழக்கப்படி, அத்தகைய அனுமதி இல்லாவிடினும் கணவரின் சபிண்டர்கள், அதாவது நெருங்கிய தாயாதிகள், இசைவளித்தால் விதவை சுவீகாரம் எடுக்கலாம் என்று நீதிக்குழு கூறியது. நிலைநாட்டப்பட்ட வழக்காறு, எழுதப்பட்ட சாத்திர விதியைவிட வலிமையுடையது என்ற கொள்கையும் இத்தீர்ப்பில் இடம்பெற்றது. இந்துச் சட்டம் கற்கும் மாணவர்கள் இன்றும் முதல் பாடங்களில் படிக்கும் கொள்கை இதுவாகும்.

இவ்வழக்கு நடைபெற்ற காலத்தில் ஜமீன் நிருவாகத்தைக் கவனித்தவர் முத்துராமலிங்க சேதுபதியின் தமையனாரான பொன்னுசாமித் தேவர். ஒருபுறம் வழக்கை நடத்திய அவர், மறுபுறம் ஆறுமுக நாவலர் திருக்குறள் பரிமேலழகர் உரையையும் திருக்கோவையாரையும் பதிப்பிக்கப் பொருளுதவி செய்தார். அவருடைய மகன் பாண்டித்துரைத் தேவர் 1901 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். முத்துராமலிங்க சேதுபதியின் மகன் பாஸ்கர சேதுபதி, சுவாமி விவேகானந்தர் 1893 இல் சிகாகோ செல்லத் துணை நின்றவர். சுவீகாரம் செல்லாது என்று தீர்ப்பாகியிருந்தால் இராமநாதபுரத்தின் இந்தப் புரவலர் மரபு தொடர்ந்திருக்குமா என்பது ஐயமே.

சிவகிரி வழக்கு

சங்கரநயினார்கோவில் வட்டத்தைச் சேர்ந்த சிவகிரி ஜமீனின் வழக்கு, வாரிசுகளுக்கிடையே எழுந்த போட்டி அன்று. வாரிசுக்கும் கடன்காரருக்கும் இடையே நடைபெற்றது. சிவகிரி ஜமீன்தார் ஒருவர் தம் தாய்வழிப் பாட்டனாரிடமிருந்து வந்த ஜமீனை ஆண்டு, கடனுடன் இறந்தார். அடுத்துப் பட்டத்திற்கு வந்த மகன் சங்கிலி வீரபாண்டியச் சின்னத்தம்பியார். கடன் கொடுத்திருந்த முத்தையன் செட்டியார், மகன் கையில் உள்ள ஜமீனிலிருந்து தம் பணத்தைப் பெற வழக்குத் தொடுத்தார். தந்தையின் உரிமை அவருடைய இறப்போடு முடிந்தது, பிரிக்கவியலாத ஜமீன் தந்தையின் கடனுக்குப் பொறுப்பாகாது என்று மகன் தரப்பில் கூறப்பட்டது.

1882 இல் பிரிவி கவுன்சில் கடன்காரர் பக்கம் முடிவு செய்தது. தந்தையின் கடனைத் தீர்ப்பது மகனின் அறக்கடமை. கடன் தீய ஒழுக்கத்திற்காக வாங்கப்பட்டது என்று மெய்ப்பிக்கப்பட்டாலன்றி அவர் தப்ப முடியாது. ஜமீன் பிரிக்கவியலாதது என்பது இதில் வேறுபாட்டை உண்டாக்காது என்பது தீர்ப்பின் சாரம். இதன் விளைவாக, தம் தந்தை ஒழுக்கக்கேடானவர் என்று மகனே நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க முயலும் அவலம் பல குடும்பங்களில் ஏற்பட்டது. குடும்ப மானம் காக்க மறைத்து வைத்த செய்திகளைச் சொத்தைக் காக்க வெளியே கொட்ட வேண்டியிருந்தது. வாரிசுரிமை வழக்குகளில் மறைபொருள் என்பது சில வேளைகளில் இவ்வாறு தலைகீழாகவும் பயன்பட்டது.

பிறப்பு குறித்த ஐயங்கள்

சென்னை மாகாணத்தின் தெலுங்குப் பகுதியில் இருந்த பித்தாபுரம் ஜமீனின் வழக்கு, மர்மக் கதைக்கு மிக நெருங்கியது. மகன் இல்லாத ஜமீன்தார் ஒருவர் சுவீகாரம் எடுத்தார். பல ஆண்டுகள் கழித்து, 1885 இல், அவருக்கு மகன் பிறந்ததாக அறிவிக்கப்பட்டது. அக்குழந்தைக்கே ஜமீனை எழுதி வைத்துவிட்டு அவர் இறந்தார். அக்குழந்தை ஜமீன்தாருக்குப் பிறந்தது அன்று என்று சுவீகார மகன் வழக்குத் தொடுத்தார். 1899 இல் பிரிவி கவுன்சில் அந்த மர்மத்தை அவிழ்க்காமலேயே வழக்கை முடித்தது. பிரிக்கவியலாத ஜமீனை அதன் உரிமையாளர் தம் விருப்பப்படி உயில் எழுதலாம். எனவே குழந்தை யாருடையது என்ற கேள்வியே தேவையில்லை என்று அது கூறிவிட்டது. அவ்வாறு ஜமீனைப் பெற்ற சூரியராவ், பின்னாளில் தெலுங்குப் பேரகராதி ஒன்றின் புரவலராகப் புகழ்பெற்றார்.

இத்தீர்ப்பு ஜமீன் குடும்பங்களைக் கலங்கச் செய்தது. ஊதாரியான ஒருவர் பல தலைமுறைச் சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவிடலாம் என்ற நிலை உருவாயிற்று. இதனைத் தடுக்கவே சென்னை அரசு 1904 இல் பிரிக்கவியலாத உடைமைகள் சட்டத்தை இயற்றி, அட்டவணையில் கண்ட ஜமீன்களை விற்கவும் எழுதி வைக்கவும் உரிமையாளருக்கு இருந்த அதிகாரத்தைக் கட்டுப்படுத்தியது.

இந்தியாவின் பிற பகுதிகளில் நடைபெற்றவற்றுள் வங்காளத்தின் பவால் சன்னியாசி வழக்கு உலகப் புகழ் பெற்றது. 1909 இல் டார்ஜிலிங்கில் இறந்து தகனம் செய்யப்பட்டதாகக் கருதப்பட்ட பவால் ஜமீனின் இரண்டாம் குமாரர் தாமே என்று கூறிக்கொண்டு, 1921 இல் ஒரு சன்னியாசி டாக்காவில் தோன்றினார். 1930 இல் தொடங்கிய வழக்கில் மூன்று நீதிமன்றங்களும் அவர் கூற்றை ஏற்றன. 1946 இல் பிரிவி கவுன்சிலின் இறுதித் தீர்ப்பு வந்த சில நாட்களிலேயே அவர் இறந்தார்.

வார்டு நீதிமன்றமும் நியூயிங்டன் கொலையும்

ஜமீன்தார் இறக்கும்போது வாரிசு சிறுவராக இருந்தால், ஜமீன் நிருவாகம் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் எனப்பட்ட அரசு அமைப்பின் பொறுப்பில் வந்தது. 1804 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி ஒன்றாலும் பின்னர் 1902 ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் இது நடத்தப்பட்டது. கடன் அடைக்கப்பட்டு, வாரிசு மேஜரானதும் ஜமீன் ஒப்படைக்கப்படும். அதுவரை அச்சிறுவர்கள் ஆங்கிலேயரின் மேற்பார்வையில் கல்வி பயின்றனர். பாஸ்கர சேதுபதியும் அவ்வாறு வளர்ந்தவரே.

சென்னை தேனாம்பேட்டையில் நியூயிங்டன் என்ற மாளிகையில் மைனர் ஜமீன்தார்களுக்கான பள்ளி இயங்கியது. அதன் முதல்வர் கிளமென்ட் டி லா ஹே, 1919 அக்டோபரில் ஒரு நள்ளிரவில் உறங்கிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அங்குப் பயின்ற திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த இளம் ஜமீன்தார்கள் மீது ஐயம் விழுந்தது. கடம்பூர் இளைஞர் மீது குற்றம் சாட்டப்பட்டது. சிங்கம்பட்டி இளைஞர் அப்ரூவர் ஆனார். சென்னையில் பரபரப்பு மிகுந்திருந்ததால் வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்திற்கு மாற்றப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை செய்யப்பட்டார். கொலைக்கு எவரும் தண்டிக்கப்படவில்லை.

இவ்வழக்கினால் ஏற்பட்ட செலவும் கடனுமே சிங்கம்பட்டி ஜமீன் தன் மலைக்காட்டைக் குத்தகைக்கு விடக் காரணம் என்று கூறப்படுகிறது. 1929 இல் ஏறத்தாழ 8,370 ஏக்கர் காடு 99 ஆண்டுக் குத்தகைக்குப் பாம்பே பர்மா வணிக நிறுவனத்திற்கு விடப்பட்டது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள் அங்குதான் உருவாயின. அத்தோட்டத் தொழிலாளர்களின் ஊதியப் போராட்டத்தை ஒட்டி 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் தாமிரபரணி ஆற்றங்கரையில் 17 பேர் உயிரிழந்தனர்.

புதினங்களில்

தமிழின் முதல் புதினமான பிரதாப முதலியார் சரித்திரத்தை (1879) எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை, மாவட்ட முன்சீப்பாகப் பணியாற்றியவர். சதர் அதாலத் நீதிமன்றத் தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் மொழிபெயர்த்து 1862 இல் சித்தாந்த சங்கிரகம் என்ற பெயரில் வெளியிட்டவரும் அவரே. தமிழ்ப் புதினமும் தமிழ்ச் சட்டத் தீர்ப்பு நூலும் ஒரே கையிலிருந்து பிறந்தன என்பது பலரும் கவனிக்காத செய்தியாகும்.

பண்டித நடேச சாஸ்திரியின் தானவன் (1894) தமிழின் முதல் துப்பறியும் புதினமாகக் கருதப்படுகிறது. தொடர்ந்து ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார் ஆகியோர் இருபதாம் நூற்றாண்டின் முதல் பகுதியில் இவ்வகை நூல்களைப் பெருமளவில் எழுதினர். ஜமீன்தார்கள், வக்கீல்கள், போலி ஆவணங்கள், மாறுவேடங்கள் ஆகியவை இவர்களுடைய கதைகளில் நிறைந்துள்ளன. இவற்றில் ஆங்கில மர்மப் புதினங்களின், குறிப்பாக ரெயினால்ட்ஸ் நூல்களின், தாக்கம் மிகுதி என்று திறனாய்வாளர்கள் கூறுவது உண்மையே. எனினும் அக்கதைகளைப் படித்த வாசகர்களுக்கு அவை முற்றிலும் அயலானவையாக இருந்திருக்க முடியாது. ஒவ்வொரு மாவட்டத்திலும் நடைபெறும் ஏதேனும் ஒரு பெரிய வீட்டு வழக்கைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டே இருந்தனர்.

வழக்கு ஏடுகளிலிருந்து மர்மப் புதினம் பிறப்பது தமிழுக்கு மட்டும் உரியதன்று. வில்கி காலின்ஸ் எழுதிய வெள்ளை உடைப் பெண் (1860) என்ற ஆங்கிலப் புதினத்தில், சொத்துக்காக ஒரு பெண் இறந்துவிட்டதாக நாடகமாடி, அவளை வேறொருத்தியின் பெயரில் மனநல விடுதியில் அடைத்துவிடுகின்றனர். பாரிசில் வாங்கிய பழைய பிரெஞ்சு வழக்குத் தொகுப்பு ஒன்றிலிருந்தே காலின்ஸ் இக்கருவைப் பெற்றார். அப்புதினத்தின் சாயலில் 1964 இல் இந்தியில் வோ கௌன் தீ என்ற திரைப்படம் வந்தது. அது 1966 இல் ஜெய்சங்கர், ஜெயலலிதா நடிப்பில் யார் நீ என்ற பெயரில் தமிழில் மீண்டும் எடுக்கப்பட்டது. கதைத்தலைவனுக்கு வரவிருக்கும் பெருஞ்சொத்தைத் தட்டிப் பறிக்க, அவனைப் பித்தனாகக் காட்டச் செய்யும் சூழ்ச்சியே இதன் கதை.

முடிவு

சென்னை மாகாண ஜமீன் ஒழிப்புச் சட்டம் (1948) நிலங்களை இரயத்துவாரி முறைக்கு மாற்றி, ஜமீன்தார்களுக்கு இழப்பீடு வழங்கியது. 1949 இல் பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்வதும் முடிவுக்கு வந்தது. 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், பெண்ணின் வாழ்நாள் உரிமையை முழு உரிமையாக மாற்றியது. பிரிக்கவியலாத உடைமை என்ற முறையும், சில விலக்குகள் நீங்கலாக, அதனுடன் மறைந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்குரிமை தமிழ்நாட்டில் 1989 ஆம் ஆண்டின் திருத்தத்தாலும், நாடு முழுவதும் 2005 ஆம் ஆண்டின் திருத்தத்தாலும் வழங்கப்பட்டது. அரண்மனைகள், நகைகள், கோவில் அறங்காவலர் உரிமை ஆகியவை குறித்த வழக்குகள் மட்டும் ஜமீன்கள் ஒழிந்த பின்னரும் சில குடும்பங்களில் நீடித்தன.